விஞ்ஞானியோடு சேர்த்துவைக்க முன்பணமா?

கேள்வி: நான் ஓவியர். பனி உருகுவதைப் பற்றி ஒரு தொடர் வரைய ஆசை. காலநிலை விஞ்ஞானி ஒருவரோடு இணைத்துவிடுவதாகச் சொல்லும் ஒருங்கிணைப்பாளர் முன்பணம் கேட்கிறார். கட்டலாமா? புள்ளிவிவர வரைபடத்தைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும்.

பதில்: கட்டாதீர்கள். விஞ்ஞானியின் மின்னஞ்சல் முகவரி பெரும்பாலும் அவருடைய ஆய்வுக் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே இருக்கும். அதை எடுத்துக் கொடுக்கத்தான் இந்தக் காசு. சிலர் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ‘படைப்பின் முழு உரிமையும் எங்களுக்கே’ என்று ஒரு வரியைச் செருகிவைப்பார்கள். எந்த ஒப்பந்தம் வந்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.

‘உங்களோடு இணைந்து பணியாற்ற விருப்பம்’ என்று எழுதினால் பதில் வருவது அரிது. ஒரு கோட்டோவியத்தை அனுப்பி, ‘இதில் எது தப்பு?’ என்று கேளுங்கள். தப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க விஞ்ஞானிகளுக்கு வராது. கடலில் மிதக்கும் பனி உருகி நகரம் மூழ்குவதாகப் பலர் வரைகிறார்கள். தம்ளரில் மிதக்கும் ஐஸ் கரைந்தால் தண்ணீர் வழிகிறதா? கிரீன்லாந்தைப் போல நிலத்தின்மேல் கிடக்கும் பனி கடலில் சேர்ந்தால்தான் மட்டம் ஏறும்.

வரைபடத்துக்குப் பயப்பட வேண்டாம். எட் ஹாக்கின்ஸ் என்ற விஞ்ஞானி 2018-இல் பரப்பிய வெப்பக் கோடுகளில் எண்ணே கிடையாது. ஆண்டுக்கு ஒரு கோடு, நீலத்திலிருந்து சிவப்புக்கு. நீலம் என்றால் உறைபனி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஆண்டு சராசரியைவிடக் குளிர்ச்சி, அவ்வளவுதான்.

வெளியிட்ட தரவை, மூலத்தைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். ஒன்றே ஒன்று விலக்கு: விஞ்ஞானி பேச்சுவாக்கில் காட்டிய, இன்னும் வெளிவராத எண்கள். அவற்றை வரையாதீர்கள். பெயர் போட்டும் வேண்டாம், ‘தோராயமாக’ என்று சொல்லியும் வேண்டாம். கட்டுரை வரும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டால் அவருடைய பல வருட உழைப்புக்கு வேட்டு.

நிதியுதவி கேட்கும் நல்கை விண்ணப்பம் வேறு இருக்கிறது. தூரிகையைத் தொடுமுன்பே ‘எதிர்பார்க்கும் தாக்கம் என்ன?’ என்று கேட்பார்கள். ஆய்வெல்லாம் முடிந்தபின் போஸ்டர் போடக் கலைஞரைக் கூப்பிடுவது இதைவிட மோசம். கலைஞர் ஓலாஃபர் எலியாசனும் நிலவியலாளர் மினிக் ரோசிங்கும் கிரீன்லாந்துப் பனிக்கட்டிகளை 2014-இல் கோபன்ஹேகனிலும் 2015-இல் பாரிஸிலும் பொதுவெளியில் உருகவிட்டார்கள். அதில் இருவர் பெயரும் சேர்ந்தே நிற்கிறது. நீங்களும் முதல் சந்திப்பிலேயே யார் பெயர் எங்கே வரும் என்று பேசிவிடுங்கள்.

அப்புறம், ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால், இன்றே எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். போனில் வேண்டாம்.