தூக்கத்தில் விழுங்குகிறானா என்று பாருங்கள்

கேள்வி: என் 7 வயது மகனுக்கு அடுத்த வாரம் டான்சில் ஆபரேஷன். உள்ளே தையல் போட மாட்டோம் என்கிறார் டாக்டர். அப்புறம் ரத்தம் எப்படி நிற்கும்? வீட்டுக்கு வந்த பிறகு கசிந்தால் என்ன செய்வது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: டாக்டர் சொன்னது சரிதான். டான்சில் இருந்த குழியைப் பெரும்பாலும் தைத்து மூடுவதில்லை, அது அடியிலிருந்து தானாக ஆறி வரும். ரத்தத்தை நிறுத்துவது தனி வேலை. எடுத்த கையோடு குழியில் காஸ் துணியை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள், சின்னக் கசிவெல்லாம் அதிலேயே அடங்கும். அடங்காத ரத்தக் குழாயை டயதர்மி என்ற மின்சாரச் சூட்டுக் கருவியால் சுட்டு அடைப்பார்கள், அல்லது நூலால் கட்டுவார்கள்.

நீங்கள் டாக்டரிடம் இப்போதே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வீட்டில் யாருக்காவது பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் போனதா, உங்களுக்கு மாதவிலக்கில் அளவுக்கு மீறிப் போகுமா? வான் வில்லிபிராண்ட் என்ற, ரத்தம் சரியாக உறையாத பரம்பரைக் குறைபாடு லேசாக இருந்தால், வழக்கமான ரத்த டெஸ்ட்டில் சிக்காமலும் போகும்.

முதல் 24 மணி நேரம் எல்லோரும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொள்வார்கள். எனக்குக் கவலை அதற்கப்புறம்தான். 5 முதல் 10 நாளுக்குள், தொண்டையில் படிந்திருக்கும் வெள்ளைப் படலம் (பாட்டி சீழ் என்பார், சீழ் இல்லை, சுரண்டவும் வேண்டாம்) உரியும்போது மறுபடி கசியலாம், பையன் தேறிவிட்டான் என்று வீடே அசந்திருக்கும் நேரம் அது. தூங்கும் குழந்தை ரத்தத்தைத் துப்பாது, விழுங்கும். அதனால் ராத்திரி விளக்கைப் போட்டுத் தொண்டையைப் பாருங்கள்: சும்மா சும்மா விழுங்கிக்கொண்டே இருந்தால் எழுப்பி வாயைத் திறக்கச் சொல்லுங்கள். காபித்தூள் நிறத்தில் வாந்தி எடுத்தாலும் அது விழுங்கிய ரத்தம்தான். ரோஸ் மில்க் மாதிரி சிவப்பாக எதுவும் தர வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான், வாந்தியில் எது ரத்தம், எது ரோஸ் மில்க் என்று தெரியாது.

ரத்தம் வந்தால் படுக்க வைக்காதீர்கள். உட்கார வைத்து, முன்னால் குனிந்து கிண்ணத்தில் துப்பச் சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், சாப்பிட எதுவும் தராமல். வழியிலேயே நின்றுவிட்டாலும் திரும்பாதீர்கள். 20 கிலோ குழந்தையின் உடம்பில் இருப்பதே சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம், நமக்கு ஒரு டம்ளர் என்பது அவனுக்குப் பெரிய இழப்பு.

மற்றபடி தண்ணீரும் தயிர்சாதமும் நிறைய இறங்கட்டும், வலிக்குது என்று பட்டினி போட்டால் தொண்டை காய்ந்துவிடும். ஆஸ்பிரின் கூடவே கூடாது. டிஸ்சார்ஜ் ஆகும்போது, ராத்திரி 2 மணிக்கு ரத்தம் வந்தால் எந்த வாசலில் வந்து நிற்க வேண்டும், யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.