மருந்தடிக்கும் முன் எண்ணிப் பார்த்தீர்களா? செட்டிநாட்டுக் கேள்வி பதில்

பயிர்ப்பூச்சி ஆராய்ச்சியில் 31 வருஷம் ஓட்டிவிட்டு இப்போது காரைக்குடியில் ஓய்வாக இருக்கிறேன். கேள்வி இருந்தால் அனுப்புங்கள், பூச்சியைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி ஆஸ்பத்திரிக்கும் மனசுக்கும் போய்விட்டது. யோசித்தால் அதுவும் நியாயம்தான். தெளிப்பானிலிருந்து கிளம்பும் மருந்து பயிரில் மட்டுமா விழுகிறது? தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

சாக்கோட்டைப் பக்கத்து விவசாயி: ஐயா, சம்பா நட்டு 55 நாள், கண்மாய்த் தண்ணி. வயல் நடுவுல வட்டமா மஞ்சளாகிக் காயுது. கடையில ரெண்டு மருந்தைக் கலந்து இன்னைக்கே அடிக்கச் சொல்றாங்க. அடிக்கவா?

இன்றைக்கு வேண்டாம். முதலில் வயலில் இறங்கிப் பயிரை விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாருங்கள். பழுப்பாகச் சின்னச் சின்னப் பூச்சிகள் தண்டில் அப்பியிருந்தால் அது புகையான். வரப்பில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. நட்ட இடத்தில் கொத்தாக நிற்பது குத்து, அதில் கிளைத்த ஒவ்வொரு தண்டும் தூர். ஒரு தூருக்கு ஒரு பூச்சி என்ற கணக்கைத் தாண்டினால்தான் மருந்தைப் பற்றியே யோசிக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் அந்தக் கணக்கு தூருக்கு இரண்டு. குத்து வேறு, தூர் வேறு என்பதை மறந்துவிடாதீர்கள், பலர் அங்கேதான் தப்பு விடுகிறார்கள். நாலு மூலையிலும் நடுவிலுமாக ஒரு 20 குத்து பார்த்து, சராசரியை ஒரு தாளில் குறித்து எனக்கு அனுப்புங்கள்.

அதுவரை யூரியாவைத் தொடாதீர்கள். தண்ணீரை வடித்து மூன்று நாலு நாள் வயலைக் காயவிடுங்கள், புகையானுக்கு ஈரமும் நெருக்கமும்தான் சொர்க்கம். கலவை மருந்து ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், டெல்டாமெத்ரின் போன்ற சில மருந்துகளை அடித்தால் புகையான் குறையாது, கூடும். அதைத் தின்கிற சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் முதலில் செத்துப்போகும், தண்டுக்குள் இருக்கும் முட்டைக்கு ஒன்றும் ஆகாது. பொரித்து வரும் குஞ்சைத் தின்ன ஆளிருக்காது. இந்தோனேசியா இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. மருந்துக்கு மானியம் கொடுத்துக் கொடுத்துப் புகையானை வளர்த்துவிட்டு, கடைசியில் 1986-ல் நெல்லுக்கு அடிக்கிற 57 மருந்துகளை ஒரே ஆணையில் தடை செய்தார்கள். அரிசி விளைச்சல் விழவில்லை.

கல்லல்: நட்டு 25 நாள்தான் ஆகுது, இலை எல்லாம் சுருண்டு வெள்ளை வெள்ளையா இருக்கு. பக்கத்து வயக்காரர் அடிச்சுட்டார். நான் சும்மா இருந்தா மனசு கேக்க மாட்டேங்குது.

கடைசியில் சொன்னீர்களே, அதுதான் விஷயம். இது இலைச்சுருட்டுப்புழு. வளர்ச்சிப் பருவத்தில் பத்தில் ஒரு பங்கு இலை சேதமானால்தான் மருந்து. 25 நாள் பயிர் புது இலை விட்டு அந்த இழப்பை ஈடுகட்டிக்கொள்ளும்.

ஆனால் மனசு கேட்பதில்லை. இதையே ஓர் ஆராய்ச்சியாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஹியோங் என்ற பூச்சியியலாளரும் எஸ்கலாடா என்ற தகவல்தொடர்பு ஆய்வாளரும் பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவில் விவசாயிகளிடம் பேசிப் பார்த்தார்கள். புழுவால் வரும் நஷ்டம் என்று விவசாயி மனசில் போட்டு வைத்திருந்த கணக்கு, உண்மையான நஷ்டத்தை விடப் பல மடங்கு பெரிதாக இருந்தது. ‘அடிக்காதே’ என்று உபதேசம் செய்து பயனில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால், உன் வயலிலேயே ஒரு மூலையை மட்டும் முதல் 30 நாள் அடிக்காமல் விட்டு, அறுவடையில் நீயே அளந்து பார் என்றார்கள். அளந்தவர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். அப்புறம் 1994-ல் வியட்நாமின் லாங் ஆன் மாகாணத்தில் வானொலி நாடகம் போட்டு ‘முதல் 40 நாள் மருந்து வேண்டாம்’ என்று பரப்பினார்கள்.

நீங்களும் ஒரு பாத்தியை விட்டுப் பாருங்கள், மொத்த வயலையும் பணயம் வைக்கச் சொல்லவில்லை. பக்கத்து வயல்காரர் அடித்தது அவருடைய பயத்துக்கு. உங்கள் வயலுக்கு அது அளவுகோல் ஆகாது.

சிங்கம்புணரி: தென்னை ஓலை முழுக்கக் கரி பூசின மாதிரி இருக்கு. வேரில் மருந்து கட்டலாமா?

கட்டாதீர்கள். அது சுருள் வெள்ளை ஈ. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்டது, இப்போது எங்கும் இருக்கிறது. ஓலைக்கு அடியில் சுருள் சுருளாக முட்டை வைத்து, சாறு உறிஞ்சி, தேன் போலக் கழிக்கும். அந்தத் தேன் மேல் வளர்கிற பூசணம்தான் நீங்கள் பார்க்கிற கரி. இதற்கு என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி தானாகவே வந்து சேர்கிறது, வேரில் மருந்து ஏற்றினால் ஈயோடு அதுவும் போய்விடும், இளநீரிலும் மருந்து வரும். ஓலைக்கு அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், ஏக்கருக்கு எட்டு மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். கரி உதிர, லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவைக் கூழாகக் காய்ச்சித் தெளிக்கலாம், காய்ந்ததும் பொருக்காக உரிந்து விழும். மரம் செத்துப்போகாது, பயப்படாதீர்கள்.

புதுவயல், ஒரு அக்கா: வீட்டுக்காரர் கூலிக்கு மருந்தடிக்கப் போவார். நேற்று வந்ததிலிருந்து தலைசுத்தல், வாயில எச்சில் ஊறுது, வேர்வை கொட்டுது. புளித்தண்ணி கொடுத்தேன். இப்ப பரவாயில்லைங்கிறார்.

அம்மா, இதைப் படித்ததும் 108-ஐக் கூப்பிடுங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம். எச்சில், வியர்வை, கண்ணில் நீர், கண்மணி சுருங்குவது, தசை துடிப்பது இதெல்லாம் ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து உடம்பில் ஏறியதன் அடையாளம். புளித்தண்ணீர், பால், எண்ணெய், உப்புக்கரைசல் எதுவும் வேண்டாம், வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். போட்டிருந்த துணியைக் கழற்றிவிட்டு, தலைமுடி முதல் நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நீங்கள் கையுறை போட்டுக்கொண்டு. மருந்து டப்பாவை லேபிளோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

‘பரவாயில்லை’ என்ற சொல்தான் எனக்குப் பயம். 1987-ல் இலங்கை மருத்துவர்கள் சேனநாயக்கவும் கரலியத்தவும் எழுதிய ஆய்வு ஒன்று இருக்கிறது. முதல் கட்டம் தெளிந்து நோயாளி எழுந்து உட்கார்ந்த பிறகு, ஒன்றிலிருந்து நாலு நாளுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோகும் ஒரு நிலையை அவர்கள் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். அதனால் டாக்டர் அனுப்பும் வரை, வீட்டில் வேலை கிடக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்துவிடாதீர்கள். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா என்று பக்கத்தில் இருப்பவர் அவ்வப்போது பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். எத்தனையோ வீட்டில், மருந்தைத் தொட்டே பார்க்காத பெண்களுக்கு அது இந்த வழியாகத்தான் போய்ச் சேருகிறது. 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் செத்தார்கள். எல்லாரும் கூலிக்கோ சொந்த வயலுக்கோ வேலைக்குப் போனவர்கள்தான். நானும் யோக்கியன் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு செயல்விளக்கத் திடலில் வெறுங்கையால் மருந்து கலக்கிக் காட்டியிருக்கிறேன், கை நடுக்கம் அடங்க ராத்திரி ஆயிற்று. யாரிடமும் சொல்லவில்லை, வெட்கம்.

பள்ளத்தூர் ஆச்சி: தம்பி, பிள்ளைகள் எல்லாம் வெளியூர். பெரிய வீட்டில் நான் ஒருத்தி. உளுந்து, தட்டைப்பயறில் வண்டு விழுகிறது. கடைக்காரன் ஒரு மாத்திரை தந்தான், மூட்டைக்குள் போட்டால் போதும் என்கிறான்.

ஆச்சி, அந்த மாத்திரையை வீட்டுக்குள் வைக்காதீர்கள். ஈரக்காற்று பட்டால் பாஸ்பீன் என்ற விஷவாயுவாக மாறும், அதற்கு மாற்று மருந்தே கிடையாது. அது கிடங்கில், பயிற்சி பெற்றவர்கள் மூடி வைத்துச் செய்கிற வேலை. டப்பாவைத் திறக்காமல் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பயறு வண்டு உங்கள் வீட்டில் பிறந்தது இல்லை, வயலிலேயே நெற்றின் மேல் முட்டை வைத்துவிடும், பயறோடு வீட்டுக்கு வந்து பொரிக்கும். அதனால் வாங்கியதும் முற்றத்தில் நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் பரப்பிக் காயவைத்து, ஆறிய பிறகு காற்றுப் போகாத தூக்கில் அடையுங்கள். முழுப்பயறை உடைத்துப் பருப்பாக்கி வைத்தால் அந்த வண்டு பெரும்பாலும் அண்டாது. விதைக்கு வைப்பது என்றால் துளி விளக்கெண்ணெய் தடவலாம். துவரைக்குச் செம்மண் கட்டுவது, அதாவது செம்மண்ணைக் குழைத்துப் பூசிக் காயவைப்பது, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அந்தக் காரியத்தின் அறிவியலைத்தான் ஆராய்ச்சியாளர்கள் களிமண் பொடி வைத்துப் பரிசோதிக்கிறார்கள்.

காரைக்குடி, கல்லூரி மாணவி: பூச்சி, நோயாளி, மனநலம் மூன்றுக்கும் ஒரே மாதிரி ஆராய்ச்சி முறைதான் என்கிறார்கள். எப்படி சார்?

நல்ல கேள்வி, கொஞ்சம் நீட்டுகிறேன். எல்லாம் வயலில் பிறந்தது. 1920-களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் ஃபிஷர் என்ற புள்ளியியலாளர், எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல முடிவு செய்யச் சொன்னார். இல்லையென்றால் ஆராய்ச்சியாளர் தன்னை அறியாமலே நல்ல மண்ணில் தனக்குப் பிடித்த உரத்தைப் போட்டுவிடுவார். இந்தக் குலுக்கலை, 1948-ல் முடிவு வெளியான பிரிட்டனின் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையில் நோயாளிகளுக்குக் கொண்டுவந்தார்கள்.

அப்புறம் நம்ம ஊர்க் கதை. 1956-ல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கி, 193 நோயாளிகளைக் குலுக்கிப் போட்டுப் பாதிப் பேரைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் பாதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மாத்திரை கொடுத்தார்கள். வீடு என்றால் நெருக்கடியான குடிசை, சாப்பாடும் சுமார்தான். 1959-ல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சை மாறியது அதனால்தான். மனநலத்தில் கோவாவில் செய்தது 2017-ல் வந்தது. மனச்சோர்வு உள்ளவர்களிடம், மருத்துவப் படிப்பில்லாத சாதாரண ஆட்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு ஆறிலிருந்து எட்டு முறை உட்கார்ந்து பேசினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களை விட இவர்கள் நன்றாகத் தேறினார்கள்.

மூன்றிலும் ஒரே கேள்விதான்: இதைச் செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கல்லல்காரரிடம் ஒரு பாத்தியை விடச் சொன்னதும் அதற்குத்தான்.

தேவகோட்டை: ஐயா, ரெண்டு போகம் நஷ்டம். அப்பா யார்கிட்டயும் பேசுறதில்ல, சாப்பாடு குறைஞ்சுபோச்சு, ராத்திரி வயலுக்குப் போய் உக்காந்திருக்கார். மருந்து டப்பா எல்லாம் மாட்டுக்கொட்டகையிலதான் இருக்கு.

இரண்டையும் சேர்த்து எழுதினீர்களே தம்பி, நல்லது. முதல் வேலையாக இன்றைக்கே அந்த டப்பாக்களை வீட்டிலிருந்தும் கொட்டகையிலிருந்தும் வெளியே கொண்டுபோய், வேறு பொறுப்பான ஆளிடம் கொடுங்கள். வீட்டுக்குள்ளேயே பூட்டுப் போட்டு வைப்பது போதாது. இலங்கையில் 50,000 வீடுகளுக்கு மேல் வைத்து நடந்த பெரிய ஆய்வில், பூட்டுப்பெட்டி கொடுத்ததால் பலன் தெரியவில்லை என்று 2017-ல் வந்தது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம் டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழு, ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டடம் வைத்து ஆளுக்கொரு பெட்டி கொடுத்துப் பார்த்தது, அது நம்பிக்கை தந்தது. எல்லாவற்றையும் விடப் பலன் தந்தது கொடிய மருந்துகளைத் தடை செய்ததுதான், இலங்கையில் 1995-லிருந்து படிப்படியாகத் தடை செய்ததில் தற்கொலை பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த நினைப்பு பலருக்கு ஒரு வேகத்தில் வந்து போவது. அந்த நேரத்தில் கைக்கெட்டாமல் இருந்தால் உயிர் தங்கிவிடுகிறது.

அப்பாவிடம் நேராகக் கேளுங்கள், ‘அப்பா, உயிரோடு இருக்க வேண்டாம்னு தோணுதா?’ என்று. கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடும் என்பது தப்பு, கேட்டதில் பாரம் இறங்கியவர்கள்தான் அதிகம். ‘ஆமாம்’ என்றால் தனியாக விடாதீர்கள், அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார், அன்றைக்கே கூட்டிப் போங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. ராத்திரி அவர் வயலுக்குப் போனால் தடுக்காமல் நீங்களும் கூடப் போய் உட்காருங்கள். கடன் கணக்கை நீங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். நாளை சாயங்காலம் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.

கண்டனூர்: வேப்பங்கொட்டைக் கரைசல் வேலை செய்யுமா, சும்மா பேச்சா?

செய்யும், ஆனால் உடனே சாகடிக்காது, தின்ன விடாது, வளர விடாது. 5 கிலோ பருப்புப் பொடியை ராத்திரி ஊறவைத்து வடிகட்டி 100 லிட்டராக்கி, கொஞ்சம் சோப்பு சேர்த்துச் சாயங்காலம் அடியுங்கள். வெயிலில் அடித்தால் வீண்.

சாக்கோட்டை, மறுபடியும்: ஐயா, எண்ணிட்டேன். 20 குத்து. குத்துக்குச் சராசரி 12 தூர், 9 பூச்சி. சிலந்தி குத்துக்கு ஒண்ணு, சிலதுல ரெண்டு. கடைக்காரர் மூணு தடவை போன் பண்ணிட்டார்.

உங்கள் கணக்கில் குத்துக்கு 24 வரை பொறுக்கலாம், இருப்பது 9. மருந்து வேண்டாம். வட்டமாகக் காய்ந்த இடத்தைச் சுற்றி மட்டும் தனியாக ஒரு பத்துக் குத்து எண்ணுங்கள், அங்கே கூடியிருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் யோசிப்போம். தண்ணீரை வடித்துவிட்டு ஐந்தாம் நாள் மறுபடி எண்ணி அனுப்புங்கள். போனை எடுக்க வேண்டாம்.