சீட்டைக் காட்டும் நேரத்தில் பொய் சொல்லலாமா?

கேள்வி: நானும் மனைவியும் பொங்கோலில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நண்பர்கள் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டில் கூடிப் போக்கர் ஆடுவோம். டெக்சஸ் ஹோல்டம் வகை: ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. ஆளுக்கு 20 வெள்ளி, சீட்டு பார்க்கும் முன்பே இருவர் போட வேண்டிய ‘பிளைண்ட்’ 10 காசும் 20 காசும். எங்களில் மூத்தவர் ஒருவரை எல்லாரும் அண்ணன் என்போம். நான் சிங்கப்பூர் வந்த புதிதில் வீடு பார்த்துக் கொடுத்தவர் அவர். போன மாதம் என் அலுவலகத்துப் பையன் ஒருவனைப் புதிதாக அழைத்திருந்தேன். கடைசிச் சீட்டு விழுந்து அண்ணன் பந்தயம் வைக்க, பையன் ‘கால்’ என்று அதே தொகையைக் கட்டினான். அண்ணன் “ஃப்ளஷ்” என்றார், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு. பையன் தன் சீட்டைக் கவிழ்த்தபடியே வீசிவிட்டான். அண்ணன் திறந்தால் ஆஸ் ஜோடி, ஹார்ட்டின் நாலுதான் இருக்கிறது. பையனோ தன்னிடம் ராஜாவும் ஒன்பதுமாக இரண்டு ஜோடி இருந்தது, அது ஒற்றை ஜோடியைவிடப் பெரியது என்கிறான். அவன் வீசிய சீட்டு மற்றவற்றோடு கலக்காமல் தனியாகத்தான் கிடந்தது. “போக்கர்னாலே பொய்தானே தம்பி, சீட்டை வீசினது உன் தப்பு” என்றார் அண்ணன். நானும் நடுவில் இருந்த 26 வெள்ளியை அவர் பக்கம் தள்ளிவிட்டேன். பையன் அதன்பிறகு வரவில்லை. பந்தயம் வைக்கும்போது அண்ணன் சிப்ஸை (பணத்துக்குப் பதிலான வில்லைகளை) இரண்டு தவணையாகப் போடுவார். என் மனைவியின் சீட்டை எட்டிப் பார்த்து யோசனையும் சொல்வார். எப்படிக் கேட்பது? சாப்பாட்டுச் செலவுக்கு, நடுவில் சேரும் பந்தயப் பணமான ‘பாட்’டிலிருந்து கொஞ்சம் எடுக்கலாமா என்றும் சொல்லுங்கள்.

– பொங்கோல் வாசகர்

பதில்: அன்புள்ள பொங்கோல் வாசகருக்கு,

அந்தப் பணம் பையனுக்குப் போயிருக்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போக்கரில் பொய்க்கு இடம் உண்டு என்று அண்ணன் சொல்வது சரிதான். ஒன்றுமில்லாத சீட்டை வைத்துக்கொண்டு பெரிய தொகையைத் தள்ளுவது ஆட்டத்தின் உயிர். ஆனால் அந்தப் பொய் பந்தயத்தோடு முடிகிறது. எதிராளி பணத்தைக் கட்டி ‘கால்’ என்று சொன்ன நொடியில் அந்தக் கை, அதாவது அந்தச் சுற்று, ஆடி முடிந்துவிட்டது. அதன்பிறகு மேஜையில் நடப்பது வெறும் கணக்குப் பார்த்தல். யார் சீட்டு பெரியது என்று எல்லாரும் சேர்ந்து பார்க்கிறோம், அவ்வளவுதான். அந்த நேரத்தில் இல்லாத ஃப்ளஷைச் சொல்லி எதிராளியின் சீட்டை வீச வைப்பதற்கும் ஆட்டத் திறமைக்கும் சம்பந்தமில்லை.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் பாப் சியாஃபோன் தொகுத்த ‘ராபர்ட்ஸ் ரூல்ஸ் ஆஃப் போக்கர்’ என்ற விதித்தொகுப்பைப் பல சூதாட்டக் கூடங்களும் வீட்டு மேஜைகளும் பின்பற்றுகின்றன. சீட்டுதான் பேச வேண்டும், வாயால் சொன்னது செல்லாது என்பது அதில் ஒரு விதி. வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி எதிராளியின் நல்ல சீட்டை வீச வைப்பவர் பணத்தையே இழக்க நேரிடலாம் என்கிறது அதே விதி. வீசிய சீட்டு பொதுவாகச் செத்த சீட்டுதான், அதையும் மறுக்கவில்லை. ஆனால் எது யாருடையது என்று தெளிவாகத் தெரிந்தால் எடுத்துக்கொள்ளலாம். அதுவும் தப்பான தகவலை நம்பி வீசியிருந்தால், அந்தச் சீட்டைக் காப்பாற்றத் தனி முயற்சி எடுக்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. பையனின் சீட்டு தனியாகக் கிடந்தது என்கிறீர்கள். அதைத் திருப்பிப் பார்த்து, அவன் சொன்னது உண்மையென்றால் பணத்தை அவனிடம் தள்ளியிருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. கடைசியாகப் பந்தயம் வைத்தவர் அண்ணன், பணம் கட்டிப் பார்க்கக் கேட்டவன் பையன். முதலில் சீட்டைத் திறக்க வேண்டிய கடமை அண்ணனுடையது. உங்கள் மேஜையில் யாரும் எதையும் வாயால் சொல்ல வேண்டாம், இரண்டு சீட்டையும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மலர்த்தி வைத்தால் போதும் என்று பழக்கிவிடுங்கள். இந்தச் சண்டைக்கு இனி இடமே இருக்காது. புதிதாக வருகிறவரிடம், “எதிராளி திறக்கும்வரை உன் சீட்டை விடாதே” என்று முதல் கைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். வீட்டுக்காரராக நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அது.

இப்போது 26 வெள்ளியை அண்ணனிடம் திருப்பிக் கேட்காதீர்கள். அடுத்த கை தொடங்கிவிட்டால் முந்தைய கையைப் பற்றிய வழக்கு முடிந்தது என்பதும் விதியே. உங்கள் பையிலிருந்து கொடுக்கவும் வேண்டாம், பையன் கூசிப்போவான். அவனைத் தனியாகப் பார்த்து, “அன்னைக்கு நான் சொன்ன தீர்ப்பு தப்புப்பா, அந்தப் பணம் உனக்கு வந்திருக்கணும்” என்று சொல்லுங்கள். அவன் வராமல் போனதற்குக் காரணம் பணம் அல்ல என்றே நினைக்கிறேன். அத்தனை பேர் உட்கார்ந்திருந்தும் அவனுக்காக ஒருவர்கூட வாய் திறக்கவில்லையே.

அண்ணனிடம் பேசுவது அதைவிடக் கடினம், ஆனால் பேசித்தான் ஆக வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம், மேஜையில் வேண்டவே வேண்டாம். அடுத்த ஆட்டத்துக்கு முன் ஒருநாள் காப்பிக் கடையில் உட்கார்ந்து பேசுங்கள். “அண்ணே, அன்னைக்கு நான் தீர்ப்பைத் தப்பாச் சொல்லிட்டேன். இனிமே சீட்டைத் திறந்து வச்சாத்தான் கணக்குன்னு வச்சுக்கப் போறேன். நீங்க பெரியவங்க, நீங்க முதல்ல அப்படி ஆடினா மத்தவங்களும் ஆடுவாங்க” என்று சொல்லிப் பாருங்கள். அவர் வேண்டுமென்றே செய்தாரா, நாலு ஹார்ட்டினை ஐந்தாக எண்ணிவிட்டாரா என்று விசாரிக்காதீர்கள். ஒருவர் மனசுக்குள் இருந்ததை மேஜையில் நிரூபிக்க முடியாது. சீட்டைத் திறந்து வைக்கும் விதி இருந்துவிட்டால் நிரூபிக்க வேண்டிய தேவையும் இல்லை.

சிப்ஸை இரண்டு தவணையாகப் போடும் விஷயத்துக்கு வருகிறேன். பலர் இதைப் பாவனை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். நடப்பதைக் கவனியுங்கள். “உன் ஒரு வெள்ளியைப் பார்க்கிறேன்” என்று ஒரு வெள்ளியை வைக்கிறார். கை இன்னும் சிப்ஸின் மேல்தான் இருக்கிறது, கண் எதிராளியின் முகத்தில். எதிராளி ‘அப்பாடா, இத்தோடு விட்டார்’ என்று தோளைத் தளர்த்தினால், சீட்டு பலவீனம் என்று இவருக்குத் தெரிந்துவிடுகிறது. உடனே “அதுக்கு மேல மூணு வெள்ளி” என்கிறார். எதிராளி தளராமல் நிமிர்ந்து உட்கார்ந்தால் ஒரு வெள்ளியோடு நின்றுகொள்கிறார். ஒரே முறையில் இரண்டு முடிவுக்கும் வாசல் திறந்து வைத்துக்கொள்கிறார். அதனால்தான் முறையான மேஜைகளில் இதை அனுமதிப்பதில்லை. தொகையை முதலில் வாயால் சொல்ல வேண்டும், அல்லது எல்லாச் சிப்ஸையும் ஒரே வீச்சில் முன்னால் தள்ள வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் அது வெறும் ‘கால்’. தன் முறையில் வாயால் சொன்ன தொகை சொன்னதுதான், பின்வாங்க முடியாது. ஒன்றும் சொல்லாமல் ஒரே ஒரு பெரிய சிப்பை வைத்தாலும் அது ‘கால்’தான், மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மனைவிக்கு யோசனை சொல்வதை முதலில் நிறுத்தச் சொல்ல வேண்டியவர் உங்கள் மனைவியே. “அண்ணே, என் கையை நானே ஆடிக்கிறேன்” என்று சிரித்த முகத்தோடு சொன்னால் போதும். ஒரு கைக்கு ஒரு ஆள் என்பது போக்கரில் பழைய விதி. இங்கே பாதிக்கப்படுவது உங்கள் மனைவி மட்டும் அல்ல. அவரை எதிர்த்து ஆடுகிறவர் இரண்டு மூளையை எதிர்த்து ஆட வேண்டியிருக்கிறது. அண்ணனும் அதே கையில் இருந்தால் இன்னும் மோசம், தனக்கு வசதியான யோசனையைத் தெரியாமலேகூடச் சொல்லிவிடுவார். கற்றுக்கொடுக்க ஆசை என்றால் கை முடிந்தபிறகு கற்றுக்கொடுக்கட்டும்.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, அடுத்த சனிக்கிழமை சீட்டைக் கலைப்பதற்கு முன்பே எல்லாருக்கும் படித்துவிடுங்கள். கை நடக்கும்போது சொல்கிற விதி எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் குற்றச்சாட்டு மாதிரிதான் கேட்கும். அதனால் யாருக்கோ பணம் வருகிறது, யாருக்கோ போகிறது. முன்கூட்டியே சொன்னால் அது எல்லாருக்கும் பொது. கை நடக்கும்போது பர்ஸிலிருந்து பணம் எடுத்துச் சேர்க்கக் கூடாது, மேஜையில் இருப்பதோடுதான் ஆட வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள். தீர்ப்புச் சொல்பவர் யார் என்பதையும் எழுதிவிடுங்கள். நீங்களே அந்தக் கையில் இருந்தால் வேறொருவர் சொல்லட்டும். 2001-இல் தொடங்கிய போக்கர் போட்டி நடத்துநர் சங்கத்தின் விதிகளில் முதலாவதே, நியாயத்துக்காகத் தேவைப்பட்டால் விதியின் எழுத்தைத் தாண்டிப் பொது அறிவோடு தீர்ப்புச் சொல்லலாம் என்கிறது. உங்கள் தாளிலும் அந்த வரி இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு ‘பாட்’டிலிருந்து எடுக்காதீர்கள். சிங்கப்பூரில் 2022 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் உள்ள சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், வீட்டில் குடும்பத்தாரும் நண்பர்களும் நேரில் ஆடுவதை அனுமதிக்கிறது. ஆனால் அதை யாரும் தொழிலாக நடத்தக் கூடாது, நடத்துவதற்காக லாபம் பார்க்கவும் கூடாது. இணையத்தில் காசு வைத்து ஆடுவதற்கு இந்த விலக்கு இல்லை, ஆகவே ஊருக்குப் போன நண்பரைச் செயலி வழியாகச் சேர்த்துக்கொள்ளும் யோசனையும் வேண்டாம். வீட்டுக்காரர் ஒவ்வொரு கையிலும் காசு எடுத்தால் அது எதில் சேரும் என்ற கேள்வியே வேண்டாமே. ஒவ்வொரு முறையும் ஒருவர் சாப்பாடு வாங்கி வரட்டும். முறுக்கும் வடையும் சீட்டுப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் விரல் பட்ட ஆஸை முதுகைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம். பிளாஸ்டிக் சீட்டு வாங்கினால் ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் சொன்னபிறகு, “வீட்டு ஆட்டத்துக்கு எதுக்குத் தம்பி இவ்வளவு சட்டம்” என்று அண்ணன் மறுத்தால், இரண்டு மூன்று ஆட்டம் பொறுத்துப் பாருங்கள். அப்போதும் மாறவில்லையென்றால் சனிக்கிழமை ஆட்டத்துக்கு அவரை அழைக்காதீர்கள், காரணத்தையும் நேரில் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்தவர் என்ற நன்றி உங்களுக்கு இருக்க வேண்டியதுதான். அதற்கான விலையை உங்கள் அலுவலகத்துப் பையன் கட்ட வேண்டியதில்லை. தீபாவளிக்கு அண்ணனைக் குடும்பத்தோடு வீட்டுக்குச் சாப்பிட அழையுங்கள்.