காரோடு ஊர் திரும்பலாமா? சுங்கை சிப்புட் கேள்வி பதில்

வெளிநாட்டிலிருந்து மலேசியாவுக்குக் காரைக் கொண்டுவருவது, இங்கே வந்தபின் சட்டப்படி ஓட்டுவது பற்றி சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவை இவை. கிள்ளான் துறைமுகத்தில் பார்வர்டிங், அதாவது சரக்கு ஏற்றி இறக்கித் தரும் தொழில் பார்த்து ஓய்வுபெற்று, இப்போது தோட்டத்துப் பக்கமே குடியிருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவர் பதில் சொல்கிறார்.

அங்கிள், லண்டனில் ஆறு வருடமாக வேலை. அடுத்த வருடம் ஊரோடு வந்துவிடுகிறேன். என் ஜெர்மன் காரை லண்டனிலேயே விற்றால் அடிமாட்டு விலைதான் கிடைக்கும். கப்பலில் ஏற்றிவிடலாமா?

ஏற்றலாம் தம்பி, சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் முதலில் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடு. கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து கஸ்டம்ஸ் உன் காருக்கு 60,000 வெள்ளி (ரிங்கிட்) மதிப்புப் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இறக்குமதி வரி 30 சதவீதம், அதாவது 18,000. ஆச்சா, 78,000. அடுத்தது கலால் வரி. அது எஞ்சின் அளவைப் பொறுத்து 60-லிருந்து 105 சதவீதம் வரை போகும். உதாரணத்துக்கு 75 என்று வை. இந்த 75-ஐ 60,000-த்துக்குப் போட மாட்டார்கள், 78,000-த்துக்குத்தான் போடுவார்கள். அது 58,500. மொத்தம் 1,36,500. இதன்மேல் விற்பனை வரி 10 சதவீதம், 13,650. கடைசியில் 1,50,150 வெள்ளி. 60,000 வெள்ளிக் காருக்கு வரி மட்டும் 90,150. வரிமேல் வரி ஏறுவதைத்தான் பிள்ளைகள் கவனிப்பதில்லை. மூன்று சதவீதத்தையும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டிப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்று கப்பலைப் பிடித்துவிடுகிறார்கள்.

அப்புறம் ரோட் டேக்ஸ். தீபகற்பத்தில் 1.8 லிட்டர் காருக்கு வருடத்துக்கு 280 வெள்ளி. 3 லிட்டர் என்றால் 2,130. அதை வருடா வருடம் கட்ட வேண்டும்.

இன்னொன்று, உன் கார் அங்கே எத்தனை பனிக்காலம் பார்த்தது? உப்புத் தூவிய ரோட்டில் ஓடிய கார் மேலே பளபளவென்றுதான் இருக்கும். தூக்கிப் பார்த்தால் சைலன்சர் பிடியும் போல்ட் தலையும் செதில் செதிலாக உதிரும். நம் ஊர் போமன் (மெக்கானிக்) ஸ்பானரை வைத்ததும் போல்ட் முறிந்து கையோடு வரும். ஏற்றுவதற்கு முன் அங்கேயே ஒரு ஒர்க்‌ஷாப்பில் லிப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பார்.

என்னைக் கேட்டால், வித்துவிட்டு வா.

விலைச் சீட்டில் குறைத்து எழுதி வாங்கிக்கொண்டால் வரி குறையாதா?

உன் சீட்டைப் பார்த்து மட்டும் கஸ்டம்ஸ் மதிப்புப் போடுவதில்லை. அந்த மாடல், அந்த வருடம் என்ன விலை போகும் என்று அவர்களுக்கே தெரியும். பொய்க் கணக்கு காட்டினால் அது தனிக் குற்றம். இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடுவோம்.

ஏபி என்கிற இறக்குமதி பர்மிட் கார் கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் கொடுப்பது என்று நினைத்தேன். தனி ஆளுக்கும் உண்டா அண்ணே?

உண்டு. நீ சொல்வது ஓப்பன் ஏபி. ரீகோன் கார், அதாவது வெளிநாட்டில் ஓடிய பழைய கார் விற்கிறவர்கள் அதை வைத்துத்தான் ஒன்று முதல் ஐந்து வயதுக் கார்களை இறக்குகிறார்கள். வெளிநாட்டில் படித்தோ வேலை செய்தோ திரும்பும் குடிமகனுக்குத் தனி ஆள் ஏபி இருக்கிறது. இரண்டையும் கொடுப்பது மிட்டி, அதாவது முதலீடு, வணிக, தொழில் அமைச்சு. தனி ஆள் ஏபிக்கு, நீ அங்கே முறையான விசாவில் தங்கியிருந்ததும், கார் உன் பெயரிலேயே பதிவாகி ஓடியதும் தாளில் தெரிய வேண்டும். புறப்படுகிற மாதம் மாமாவின் காரைப் பெயர் மாற்றிக்கொண்டு வருவது நடக்காது. விசா பக்கங்கள், சம்பளச் சீட்டு, அங்கத்திய பதிவுப் புத்தகம், இன்சூரன்ஸ் தாள், எதையும் தூக்கிப் போடாதே. பிரிட்டனில் நிரந்தரமாக வெளியே அனுப்பும்போது வி5சி என்கிற பதிவுப் புத்தகத்தில் அதற்கான பகுதியைக் கிழித்து, அந்த ஊர் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ-வுக்கு அனுப்பச் சொல்வார்கள். மீதிப் புத்தகம் உன் கையில் இருக்க வேண்டும், இங்கே சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே கேட்கும்.

வரிசையை மட்டும் மாற்றாதே. முதலில் ஏபி, பிறகுதான் கப்பல். கார் வந்து இறங்கியபின் ஏபிக்கு மனுப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிடங்கு வாடகை நாள் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும், பர்மிட் இல்லாத சரக்கைப் பறிமுதல் செய்யும் அதிகாரமும் கஸ்டம்ஸுக்கு உண்டு. ஏபி கையில் இருந்தால் வேலை சுலபம். ஏஜென்ட் கே1 என்கிற இறக்குமதி அறிவிப்புப் பாரத்தைப் போட்டு வரியைக் கட்டி காரை வெளியே எடுப்பார். அடுத்து வாகனச் சோதனை நிலையமான புஸ்பாகோமில் சோதனை, இன்சூரன்ஸ், ஜேபிஜே பதிவு. புஸ்பாகோமுக்குப் போகும் முன் எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் பொறித்த இடத்தைத் துணியால் துடைத்துவிடு. கிரீஸ் அப்பி ஒரு எழுத்து தெரியாமல் போனாலும் திரும்பி வரச் சொல்வார்கள்.

துபாயில் இருக்கிறேன். அங்கே பெரிய ஜீப் மலிவு.

இடது பக்கம் ஸ்டியரிங் தம்பி. மறந்துவிடு.

என் மகள் ஆஸ்திரேலியாவில் டாக்டர். திரும்பி வந்தால் காருக்கு வரி இல்லை என்று யாரோ சொன்னார்களாம், உண்மையா ஐயா?

பாதி உண்மை, அம்மா. அரசாங்க நிறுவனமான டேலன்ட் கார்ப் நடத்தும் நிபுணர் திரும்பும் திட்டம் ஒன்று இருக்கிறது, ஆர்இபி என்பார்கள். அதில் தேர்வானால் ஒரு காருக்கு வரிச் சலுகை கிடைக்கும். ஆனால் அது 1,00,000 வெள்ளி வரைக்கும்தான், அதற்கு மேல் வரும் வரியை அவர் கட்ட வேண்டும். முழு இறக்குமதிக் கார்தான் வேண்டும் என்பதில்லை, உதிரிபாகம் கொண்டுவந்து இங்கே பூட்டித் தயாரித்த கார் வாங்கினாலும் கலால் வரியில் சலுகை உண்டு. வருமான வரியும் ஐந்து வருடத்துக்கு 15 சதவீதம் என்று நிலையாக இருக்கும். டாக்டர் சம்பளத்துக்கு காரைவிட இதுதான் பெரிய லாபம் என்பேன். அங்கே இருக்கும்போதே மனுப் போடச் சொல்லுங்கள். மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிவிட்டுக் கேட்டால் கிடைக்காது.

அங்கிள், மெல்பர்னில் படித்து அங்கேயே வேலையில் இருந்தேன். மலேசிய லைசென்ஸ் செத்து நாலு வருடமாகிறது. ஆஸ்திரேலிய லைசென்ஸ் இருக்கிறது. இங்கே அதை வைத்தே ஓட்டலாமா?

காரைப் பற்றி பத்துப் பேர் கேட்டால் லைசென்ஸைப் பற்றி ஒருவர்தான் கேட்கிறார். நல்ல வேளை, நீ கேட்டாய் மகளே.

மலேசிய லைசென்ஸ் செத்து மூன்று வருடத்துக்குள் என்றால் புதுப்பித்துக்கொள்ளலாம், டெஸ்ட் கிடையாது. மூன்று தாண்டினால் புதிதாக எடுப்பது போலத்தான். கம்ப்யூட்டர் சோதனையில் 50-க்கு 42 சரியாக அடித்து, பழகுநருக்கான எல் லைசென்ஸ் எடுத்து, மறுபடியும் டெஸ்டில் மேட்டில் காரை ஏற்றி, பார்க்கிங் போட்டுக் காட்ட வேண்டும். ஆனால் உனக்கு இரண்டு வழி இருக்கிறது. வெளிநாட்டில் படிப்பு, வேலை என்று இருந்ததால் புதுப்பிக்க முடியவில்லை என்று பாஸ்போர்ட், பல்கலைக்கழகக் கடிதத்தோடு ஜேபிஜே-யில் முறையீடு செய்யலாம். இல்லையென்றால் ஆஸ்திரேலிய லைசென்ஸை மலேசிய லைசென்ஸாக மாற்றக் கேட்கலாம். எதுவானாலும் ஆஸ்திரேலிய லைசென்ஸ் உயிரோடு இருக்கும்போதே செய். இரண்டும் செத்தால் டிரைவிங் ஸ்கூல்தான். நம் ஊரிலிருந்து ஈப்போ ஜேபிஜே ஒன்றும் தூரமில்லை, காலையிலேயே போய்விடு.

சும்மா வந்து போகிறவருக்கு வெளிநாட்டு லைசென்ஸ் போதும். நீ வீடு திரும்பியவள், அதை நம்பி இருக்காதே. இன்னொன்றும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 30-லிருந்து பூடி95 என்கிற அரசாங்க மானியத் திட்டத்தில் லிட்டர் 1.99 வெள்ளிக்கு எண்ணெய் (பெட்ரோல்) போட மைகார்டு என்கிற அடையாள அட்டை மட்டும் போதாது, மலேசிய லைசென்ஸும் உயிரோடு இருக்க வேண்டும். மைகார்டைச் செருகியபின் கிடைக்காது என்று பெட்ரோல் ஸ்டேஷனில் வந்தால்தான் பலருக்கு லைசென்ஸ் ஞாபகமே வருகிறது.

இன்னும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு: கார் லைசென்ஸ் வருடத்துக்கு 30 வெள்ளி, பத்து வருடத்துக்குச் சேர்த்தே கட்டலாம். 300 வெள்ளியில் முடிகிற வேலை.

மகன் சிங்கப்பூரில் வேலை செய்து அங்கேயே கார் வைத்திருக்கிறான். லீவுக்கு அந்தக் காரில் வருவான். காரை இங்கே விட்டுவிட்டு பஸ்ஸில் போனால் நான் சந்தைக்கு ஓட்டிக்கொள்வேனே?

ஓட்டக் கூடாது அண்ணே. அது விருந்தாளியாக வந்த கார். வரி கட்டாத காரை உள்ளூர்க்காரர் ஓட்டுவதாகத்தான் கஸ்டம்ஸ் பார்க்கும். மகன் ஓட்டிவரட்டும், அதற்கு விஇபி டேக், அதாவது வெளிநாட்டுக் காருக்கான நுழைவு பர்மிட் இருக்க வேண்டும். 2025 ஜூலை 1-லிருந்து அது இல்லாத சிங்கப்பூர் காருக்கு 300 வெள்ளி சம்மன். ஜோகூரில் நுழையும்போது 20 வெள்ளி ரோட் சார்ஜ் தனி. மானிய பெட்ரோலான ரோன்95 போடக் கூடாது, ரோன்97தான். உங்கள் மைகார்டைக் கொடுத்து மலிவு எண்ணெய் போட்டுவிடாதீர்கள், ஸ்டேஷனில் யாராவது போன் கேமராவைத் தூக்கிவிடுவார்கள்.

அப்பா தவறிவிட்டார். அவருடைய பழைய புரோட்டோன் சாகா கார் வாசலில் நிற்கிறது. நான் கத்தாரிலிருந்து வந்து அதையே ஓட்டலாம் என்று நினைக்கிறேன். வேறு கார் எதற்கு?

இந்தப் பட்டியலில் புத்திசாலித்தனமான கேள்வி இதுதான். ஆனால் அப்பா பெயரில் இருக்கும் இன்சூரன்ஸை நம்பி வெளியே எடுக்காதே. ஏதாவது ஆனால் அந்த பாலிசியை வைத்து மல்லுக்கட்ட முடியாது. முதலில் வாரிசு தாளை முடி. கார், வங்கிப் பணம் போன்ற அசையும் சொத்து மட்டும் என்றால், சொத்து நிர்வாகம் பார்க்கும் அரசாங்க நிறுவனமான அமானா ராயாவில் செய்யலாம். வீடு, நிலமும் இருந்தால் நில அலுவலகத்துக்குப் போக வேண்டிவரும். அந்த உத்தரவை வைத்து ஜேபிஜே-யில் பெயரை மாற்று, உன் பெயரில் இன்சூரன்ஸ் எடு, ரோட் டேக்ஸ் போடு. அண்ணன் தங்கைகள் இருந்தால் அவர்கள் சம்மதமும் வேண்டும், இப்போதே பேசிவை. கையெழுத்துக்கு ஆள் தேடி அலைவதில்தான் மாதக் கணக்கில் இழுக்கும்.

அதுவரை வாரம் ஒருமுறை வாசலிலேயே எஞ்சினை ஓடவிடச் சொல்லு. செம்பனைத் தோட்டத்துப் பக்கம் எலி ஒயரைக் கடித்துவிடும், பானெட்டையும் திறந்து பார்க்கச் சொல்லு.