கீசர் வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஐப்பசி மழை தொடங்கியதும் எனக்கு வரும் கேள்விகளின் போக்கு மாறிவிடும். அதுவரை ஏ.சி. பற்றிக் கேட்டவர்கள் கீசர் பற்றிக் கேட்பார்கள். எத்தனை லிட்டர், எந்தக் கம்பெனி, எத்தனை நட்சத்திரம் என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிப்பார்கள். அதற்கெல்லாம் கடைக்காரரே பதில் சொல்லிவிடுவார். உங்கள் வீட்டுச் சுவருக்குள் ஓடும் வயரைப் பற்றி அவர் சொல்லமாட்டார். அவருக்குத் தெரியவும் வழியில்லை. அதனால் இந்த முறை மின் இணைப்பு தொடர்பான கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

புதிதாக 15 லிட்டர் கீசர் வாங்கியிருக்கிறோம். குளியலறைக்கு வெளியே சின்ன பிளக் பாயிண்ட் ஒன்று இருக்கிறது. அதில் செருகுவதற்குக் கடையில் ஒரு கன்வெர்ட்டர் கொடுத்தார்கள். பயன்படுத்தலாமா? (திருப்பூர் வாசகர்)

வேண்டாம். கன்வெர்ட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

15 லிட்டர் கீசர்கள் பெரும்பாலும் 2 கிலோவாட். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். உங்கள் சின்ன பிளக் 6 ஆம்பியருக்கானது. அதற்கு வரும் வயரும் விளக்கு லைனிலிருந்து பிரிந்து வந்த 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் வயராகத்தான் பெரும்பாலும் இருக்கும். கன்வெர்ட்டர் போட்டால் பிளக் பொருந்திவிடும். வயர் பெரிதாகிவிடாது.

இப்படி ஓடிய ஒரு பிளக்கைச் சென்ற மாதம் கழற்றினேன். வெளியே வெள்ளை வெளேரென்று இருந்தது. ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்தால், ஒரு முள்ளைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி, இளகி, ஓரத்தில் குமிழி விட்டிருந்தது. வயரின் உறை விரல் பட்டதும் பொரியாக நொறுங்கியது. இரண்டு வாரமாகவே காலையில் மீன் வாடை போல ஏதோ வருகிறது என்று அந்த வீட்டுப் பாட்டி சொல்லிக்கொண்டிருந்தாராம். யாரும் காதில் வாங்கவில்லை. சுவிட்சுப் பக்கமிருந்து அப்படி ஒரு வாடை வந்தால் பிளாஸ்டிக் கருகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

செய்ய வேண்டியது இதுதான். டி.பி. பெட்டியிலிருந்து, அதாவது வீட்டு லைன்கள் பிரியும் பெட்டியிலிருந்து, கீசருக்கென்று தனி லைன் இழுங்கள். வேறு எதுவும் அதில் சேரக்கூடாது. வயர் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு. கணக்குப் பார்த்தால் 2.5 போதும் என்று வயர்மேன் சொல்வார். அவர் சொல்வது தவறில்லை. ஆனால் குழாய்க்குள் நாலு வயரோடு நெருக்கியடித்துப் போகும்போது சூடு கூடும். பத்து வருடம் கழித்து நீங்கள் 3 கிலோவாட் கீசர் வாங்கினாலும் சுவரை மறுபடி உடைக்க வேண்டியிருக்காது. அதற்குத்தான் 4 கேட்கிறேன். முனையில் 16 ஆம்பியர் பவர் பிளக், டி.பி.யில் 16 அல்லது 20 ஆம்பியர் எம்.சி.பி. (சுமை கூடினால் தானே விழுந்து துண்டிக்கும் சாதனம்). கீசரின் சுவிட்ச் குளியலறைக்கு வெளியே, எரிகிறதா அணைந்ததா என்று காட்டும் சிவப்பு விளக்கோடு இருக்கட்டும். அது பேஸ் (மின்சாரம் வரும் வயர்), நியூட்ரல் (திரும்பும் வயர்) இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல் வகையாக இருக்க வேண்டும்.

எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால் 32 ஆம்பியருக்கு மாற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். எம்.சி.பி. காப்பது வயரைத்தான். அதைப் பெரிதாக்கினால், அது விழுவதற்கு முன் வயர் எரிந்துவிடும்.

இன்ஸ்டன்ட் கீசர் நல்லதா, ஸ்டோரேஜ் நல்லதா? (கோவை)

மின் இணைப்பின் கண்ணில் பார்த்தால், பழைய வயரிங் உள்ள வீட்டுக்கு 2 கிலோவாட் ஸ்டோரேஜ்தான். 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக அதற்கு 17 நிமிடம் போல ஆகும். செலவு அரை யூனிட்டுக்குச் சற்று மேல். இன்ஸ்டன்ட் வகையில் 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர், பரவாயில்லை. சிலவற்றில் 4.5 கிலோவாட் என்று போட்டிருப்பார்கள். அது 20 ஆம்பியரை நெருங்கும். 16 ஆம்பியர் பிளக்கில் செருகவே கூடாது. பிளக் இல்லாமல் 32 ஆம்பியர் டபுள் போல் சுவிட்ச் வழியாக நேரடியாக இணைக்க வேண்டும். வாங்கும் முன் பெட்டியின் மேல் உள்ள வாட்ஸ் அளவைப் படித்துப் பாருங்கள்.

எங்களுடையது முப்பது வருடத்துப் பழைய வீடு. கீசர் ஓடும்போது ஷவரைத் தொட்டால் கை லேசாகச் சுரீர் என்கிறது. சமீபத்தில் தண்ணீர்க் குழாய் எல்லாம் மாற்றினோம். அதற்கு முன் இப்படி இல்லை. பிளம்பர் ஏதும் தவறு செய்துவிட்டாரா? (மதுரை வாசகி)

அம்மா, முதலில் கீசரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சரிசெய்யும் வரை யாரும் அதைப் போட வேண்டாம். அணைத்துவிட்டுக் குளித்தால் போதும் என்று நாளைக் கடத்தவும் வேண்டாம். ஒருநாள் யாராவது மறந்துவிடுவார்கள்.

நீங்கள் எழுதிய கடைசி மூன்று வரிகளில்தான் விடை இருக்கிறது. அந்தக் காலத்து வீடுகளில், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் கம்பியைத் தனியே குழி தோண்டி இறக்காமல், ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தண்ணீர்க் குழாயில் ஒரு கிளாம்ப் போட்டு முறுக்கிவிடுவது பரவலாக இருந்த பழக்கம். குழாய் இரும்பு, மண்ணுக்குள் போகிறது, எப்படியோ வேலை நடந்தது. இப்போது பிளம்பர் துருப்பிடித்த இரும்பை எடுத்துவிட்டு சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் குழாய் போட்டிருப்பார். அவர் வேலையை அவர் சரியாகத்தான் செய்தார். ஆனால் அந்த இரும்போடு உங்கள் வீட்டின் எர்த்தும் போயிருக்க வாய்ப்பு அதிகம். கீசரின் ஹீட்டரில் கசிவு முன்பே இருந்திருக்கலாம். அதுவரை அது இரும்புக் குழாய் வழியாக மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது போக வழியில்லாமல் தண்ணீரில் நின்று, உங்கள் கைக்கு வருகிறது.

இதே மாதிரி ஒரு வீட்டில், எர்த் எங்கே போகிறது என்று பச்சை வயரைப் பின்தொடர்ந்து போனேன். மெயின் போர்டிலிருந்து இறங்கி, மாடிப்படிக்குக் கீழே சுவரை ஒட்டி வந்து, ஒரு கிளாம்ப்பைச் சுற்றி நின்றது. கிளாம்ப் அப்படியே இருந்தது. அது பிடித்துக்கொண்டிருந்த குழாயைத்தான் காணோம். அந்தரத்தில் தொங்கிய அந்த வளையத்தை வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்தக் குளியலறையில்தான் அவருடைய பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறார்கள்.

உங்கள் வீட்டில் மூன்று வேலை நடக்க வேண்டும். புதிதாக ஓர் எர்த் குழி. அதிலிருந்து மெயின் போர்டுக்கும், அங்கிருந்து ஒவ்வொரு பவர் பிளக்கின் மேல் துளைக்கும் அறுபடாத பச்சை வயர். எர்த்தின் தடையை அளக்கும் எர்த் மெகர் கருவி வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் வந்தால் நல்லது. கோடையில் மண் காய்ந்தால் அளவு ஏறிவிடும், குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டாவது, கசியும் ஹீட்டரை மாற்றுவது. போர் தண்ணீரில் உப்பு படிந்து ஹீட்டரின் உறை வெடிப்பது நம் ஊரில் சகஜம். மூன்றாவது, மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.

எர்த் குழி தோண்டச் செலவாகும் என்று, பிளக்குக்குள்ளேயே எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுகிறவர்கள் உண்டு. டெஸ்ட் விளக்கு வைத்துப் பார்த்தால் பளிச்சென்று எரியும், நமக்கும் நிம்மதியாக இருக்கும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால், கீசரின் உடல் முழுவதும் 230 வோல்ட் வந்து நிற்கும். இதை யாராவது உங்கள் வீட்டில் செய்ய முன்வந்தால், தயவுசெய்து அவரை அனுப்பிவிடுங்கள்.

எம்.சி.பி. இருக்கும்போது ஆர்.சி.சி.பி. எதற்கு? எங்கள் வீட்டில் அது கீசர் போட்டால் மட்டும் விழுகிறது. எடுத்துவிடச் சொல்கிறார்கள். (திருச்சி)

எடுக்காதீர்கள். உங்கள் வீட்டில் ஒழுங்காக வேலை செய்யும் ஒரு பொருள் அதுதான்.

16 ஆம்பியர் எம்.சி.பி. 16 ஆம்பியருக்கு மேல் போனால்தான் விழும். நனைந்த உடம்பின் தடை ஏறத்தாழ 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் உடம்பு வழியாக ஓடுவது 0.23 ஆம்பியர். இதயத்தை நிறுத்த அது தாராளமாகப் போதும். எம்.சி.பி.க்கு அது ஒரு விளக்கு எரிவது போலத்தான் தெரியும், அசையாது. ஆர்.சி.சி.பி. பேஸில் போன மின்சாரம் நியூட்ரலில் முழுதாகத் திரும்பி வந்ததா என்று பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே நொடிக்குள் துண்டித்துவிடும். தமிழ்நாடு மின்வாரியமும் வீடுகளில் இதைப் பொருத்தும்படி வலியுறுத்தி வருகிறது. 100, 300 மில்லி ஆம்பியர் என்றும் கடையில் கிடைக்கும். அவை தீ விபத்தைத் தடுக்க. ஆளைக் காக்க 30தான்.

கோளாறு எங்கே என்று பார்க்க எளிய வழி உண்டு. கீசர் பிளக்கை எடுத்துவிட்டு அதே பாயிண்டில் இஸ்திரிப்பெட்டியைச் செருகுங்கள். அப்போதும் விழுந்தால் வயரிங்கில் குறை. பெரும்பாலும் ஒரு லைனின் நியூட்ரலை இன்னொரு லைனோடு கலந்திருப்பார்கள். விழவில்லை என்றால் கீசரின் ஹீட்டர்தான். போட்டவுடன் விழாமல் ஐந்து நிமிடம் கழித்து விழுந்தாலும் ஹீட்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், விழ வேண்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்பதை அந்தப் பட்டன் சொல்லாது. அதைத் தனியே அளக்க வேண்டும்.

மூன்று பேஸ் இணைப்பு. ஒரு பேஸ் போனால் சேஞ்சர் சுவிட்சை இன்னொரு பேஸுக்குத் திருப்பி எல்லாவற்றையும் ஓட்டுகிறோம். இரண்டு கீசர், ஒரு ஏ.சி. இருக்கின்றன. (தஞ்சாவூர்)

விளக்கு, மின்விசிறிக்குத் திருப்புங்கள்; கீசருக்கு வேண்டாம். மூன்று பேஸில் பிரிந்திருந்த சுமையை ஒரே பேஸில் ஏற்றினால் அந்த லைனின் முனைகள்தான் வதங்கும். இரண்டு கீசரையும் ஏ.சி.யையும் வெவ்வேறு பேஸில் வைத்து, அவற்றைச் சேஞ்சருக்கு வெளியே நேரடியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு பேஸ் இல்லாத காலையில் ஒரு குளியலறையிலாவது வெந்நீர் வரும். அது போதும்.

இன்வெர்ட்டர் லைனில் கீசர் போடலாமா? (வேலூர்)

கூடாது. வீட்டு இன்வெர்ட்டர் அந்தச் சுமையைத் தாங்காது.

கொடைக்கானலில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் தம்பி, அங்கே அவர் பயன்படுத்திய ஹாட் டப்பை (உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டி) கப்பலில் அனுப்புவதாகச் சொல்கிறார். இங்கே ஓடுமா? (சென்னை வாசகர்)

தம்பியின் அன்பு பெரிது. ஆனாலும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அமெரிக்க வீடுகளில் 240 வோல்ட் என்பது இரண்டு 120 வோல்ட் பேஸ்களுக்கு இடையே கிடைப்பது. நடுவில் ஒரு நியூட்ரல் இருக்கும். அங்கே விற்கும் பல தொட்டிகளில் சில பாகங்கள் அந்த 120 வோல்ட்டில் ஓடுகின்றன. நம் 230 வோல்ட் ஒரே பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வருவது. அந்தப் பாகங்களுக்குக் கொடுக்க இங்கே 120 வோல்ட் இல்லை. தெரியாமல் இணைத்தால் எரிந்துபோகும். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 என்பதால் பம்ப் மோட்டாரும் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று பெயர்த்தகட்டில் போட்ட தொட்டியாக வாங்குங்கள்.

அதிலும் இரண்டு வகை உண்டு. 16 ஆம்பியர் பிளக்கில் செருகும் சிறிய வகை. 32 ஆம்பியர் நிரந்தர இணைப்பு கேட்கும் பெரிய வகை. மலைக்குளிரில் முதல் வகை பொறுமையைச் சோதிக்கும். 1000 லிட்டர் தண்ணீரை 18 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்கு ஏற்ற 23 யூனிட்டுக்கு மேல் வேண்டும். 2 கிலோவாட் ஹீட்டருக்குப் பன்னிரண்டு மணி நேரம். வழியில் இழக்கும் சூடு தனி. நல்ல கனமான மூடி இல்லாத தொட்டியை அங்கே வாங்கவே வேண்டாம்.

பெரிய வகை என்றால், மெயின் போர்டிலிருந்தே தனி லைன். தூரத்தைப் பொறுத்து 6 அல்லது 10 சதுர மில்லிமீட்டர் செம்பு. மண்ணில் புதைத்தால் ஆர்மர்டு (உலோகக் கவசமிட்ட) கேபிள். அதற்கென்றே ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும், தொட்டியில் மின்னணுப் பலகை இருப்பதால் ‘ஏ’ வகையாகக் கேட்டு வாங்குங்கள். முழுதும் துண்டிக்கும் ஐசொலேட்டர், தொட்டியில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கைக்கு எட்டக் கூடாது. 2 மீட்டர் தள்ளி வையுங்கள். பக்கத்தில் இரும்புக் கைப்பிடி, ஏணி இருந்தால் அவற்றையும் எர்த்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். பாறை மண்ணில் எர்த் அளவு எளிதில் இறங்காது. இரண்டு மூன்று குழி தேவைப்படலாம். அனுமதிக்கப்பட்ட மின்சுமையை உயர்த்த மின்வாரியத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

வாடகை வீடு. கீசர் பொருத்த வீட்டு உரிமையாளர் சம்மதிக்கவில்லை. பக்கெட்டில் ராடு போட்டுத்தான் இரண்டு குழந்தைகளைக் குளிப்பாட்டுகிறேன். (சேலம் வாசகி)

1500 வாட்ஸ் ராடு 6.5 ஆம்பியர் இழுக்கும். அதற்கும் பவர் பிளக்தான் வேண்டும், எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடாது. பிளாஸ்டிக் பக்கெட்டையே பயன்படுத்துங்கள். ராடில் போட்டிருக்கும் கோடு வரை தண்ணீர் நிற்கட்டும். குளியலறைக்குள் வேண்டாம், சமையலறை மூலையில், காய்ந்த தரையில் வையுங்கள்.

தண்ணீர் சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. உயிர் போவது அங்கேதான். சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கையில் பிடுங்கி எடுத்து, ஒரு நிமிடம் பொறுத்து ராடை வெளியே எடுத்து வைத்த பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும். மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால், கீசர் கேட்பதை விட்டுவிட்டு அதை முதலில் உரிமையாளரிடம் கேளுங்கள். சுவர் உடைக்காமல் போர்டிலேயே பொருத்திவிடலாம் என்று சொன்னால் மறுக்கமாட்டார். மறுத்தால், சொந்தச் செலவில் பொருத்தி, வீட்டைக் காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போங்கள்.