பிளேன் ஒரு மணித்தியாலம், பாதை அஞ்சு மணித்தியாலம்: பயணக் கேள்விகளுக்குப் பதில்

ஹட்டனில் பல வருடங்களாக விமான ரிக்கட் போட்டுக் கொடுத்து வருகிறேன். அண்மையில் வந்த கேள்விகளில் சில இவை.

கோத்தகிரியில் பெரியம்மா வீட்டுக் கல்யாணம். சென்னையில் இறங்குவதா, திருச்சியிலா? (பொகவந்தலாவை)

திருச்சி. கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீற்றர், ஒரு மணித்தியாலப் பறப்பு. சென்னை ஏறத்தாழ 650. அங்கிருந்து நீலகிரிக்குப் போவதும் தூரம். திருச்சியில் இறங்கினால் பஸ்ஸில் கோயம்புத்தூர், அப்புறம் மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறிவிடலாம். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட நம் சொந்தங்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் போய், எத்தனையோ நாள் அலைந்துதான் நீலகிரி சேர்ந்தார்கள். இன்று காலை விமானத்தில் புறப்பட்டால் இரவுக்குள் பெரியம்மா வீட்டில் சாப்பிடலாம். அவசியம் போய் வாருங்கள்.

மகள் டுபாய்க்கு வேலைக்குப் போகிறாள். காலை 10 மணிக்கு ஏறி 1 மணிக்கு இறங்குவதாக ரிக்கட்டில் இருக்கிறது. மூன்று மணித்தியாலம்தானா? (தலவாக்கலை)

இல்லை அம்மா, நாலரை. ரிக்கட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். டுபாய் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால். அவள் இறங்கும்போது உங்கள் வீட்டுக் கடிகாரத்தில் இரண்டரை ஆகியிருக்கும். தூரம் சுமார் 3,300 கிலோமீற்றர். இறங்கியதும் வரிசையில் நின்று, பெட்டி எடுத்து வெளியே வர இன்னும் ஒரு மணித்தியாலமாவது ஆகும். நாலு மணிக்கு முன் போன் வரவில்லை என்று பயப்படாதீர்கள்.

லண்டன் போகும்போது கூடுதல் நேரம், வரும்போது குறைவு. பாதை வேறா? (நுவரெலியா)

தூரம் ஒன்றுதான், சுமார் 8,700 கிலோமீற்றர். காற்றுதான் காரணம். விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று ஓடுகிறது. போகும்போது அது எதிரே மோதும், வரும்போது முதுகில் தள்ளும். போக 11 மணித்தியாலத்தை ஒட்டி எடுக்கும். திரும்ப அரை மணித்தியாலத்துக்கு மேல் குறையும்.

டொரொண்டோவுக்கு நேர்வழி வடதுருவப் பக்கமாகப் போகிறது என்கிறார்களே? (ஹட்டன்)

உண்மை. ஒரு தோடம்பழத்தில் இரண்டு ஊரையும் புள்ளி வைத்து, நடுவே நூலை இழுத்துப் பாருங்கள். மிகக் குறுகிய வழி ஆர்க்டிக் பக்கமாக ஏறி இறங்கும், ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். ஆனால் கொழும்பிலிருந்து நேரடி விமானம் இல்லை. வேறு நாட்டில் மாறித்தான் போகவேண்டும், அதனால் கூகுளில் வரும் நேர்கோட்டுத் தூரத்தை வைத்து நேரம் கணக்குப் போடாதீர்கள்.

பண்டாரவளைக்கு மத்தளை விமான நிலையம்தானே கிட்ட?

கிட்டத்தான். நீங்கள் போகும் ஊருக்கு அங்கிருந்து விமானம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் கட்டுநாயக்கதான் வழி.

ஹட்டனிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும்?

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுதான். ஹட்டனிலிருந்து கட்டுநாயக்க நேர்கோட்டில் 85 கிலோமீற்றர்தான். பாதையிலோ 130ஐத் தாண்டும். கினிகத்தேனை, கித்துல்கல வளைவுகளில் வேன் ஓட்டியவர்களுக்குத் தெரியும். நாலு, அஞ்சு மணித்தியாலம் சாதாரணம். மழை நாளில் மண் சரிந்தால் சொல்லவே முடியாது. சவூதி போகவிருந்த ஒரு பிள்ளை அப்படித்தான் கித்துல்கலயில் வேனுக்குள்ளேயே விமானத்தைத் தவறவிட்டது. அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மூன்று மணித்தியாலம் முன்னதாக விமான நிலையத்தில் நிற்கவேண்டும், சரி. அத்தோடு பாதைக்கு ஆறு சேருங்கள். ஆக, புறப்படும் நேரத்துக்கு ஒன்பது மணித்தியாலம் முன்பே வீட்டை விட்டு இறங்குங்கள்.

நள்ளிரவு விமானமென்றால் திகதியைக் கவனியுங்கள். 15ஆம் திகதி 00.30 என்று ரிக்கட்டில் இருந்தால், 14ஆம் திகதி பின்னேரம் மூன்றரைக்கு நீங்கள் வேனில் இருக்கவேண்டும்.