பேட் உரியுது, வயர் விட்டுப்போச்சு: ஹெட்போன் கேள்வி பதில்

பெங்களூர்த் தமிழ் இசைப் பிரியர்கள் கேட்ட கேள்விகள் இவை. வீட்டு மேசையில் செய்யக்கூடிய வேலைகளுக்கு மட்டும் பதில். உத்தரவாதக் காலம் முடியாத ஹெட்போன் என்றால் திருப்புளியை எடுக்காமல் நேரே சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

அல்சூர்: அண்ணா, சென்ஹைசர் எச்டி 600-ல இடது பக்கம் சத்தம் கம்மியா இருக்கு. டிரைவர் போயிடுச்சா?

டிரைவர் (உள்ளே சத்தம் எழுப்பும் சின்ன ஸ்பீக்கர்) மேல் கடைசியில்தான் சந்தேகப்பட வேண்டும். முதலில் ஹெட்போனை இடம் வலம் மாற்றித் தலையில் போடுங்கள். அப்போதும் அதே இடது காதில்தான் குறைவு என்றால் பழுது ஹெட்போனில் இல்லை. குரும்பி அடைத்திருக்கும், காது டாக்டரைப் பாருங்கள். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் அடிக்கடி நடப்பது இது.

குறைவு வலது காதுக்கு வந்துவிட்டால் அடுத்த சோதனை. இந்த மாடலில் கேபிள் இரண்டு பக்கமும் தனித்தனியே கழலும். இரு முனைகளையும் மாற்றிச் செருகுங்கள். ஒவ்வொரு முனையிலும் ஒரு பின் தடிமன், இன்னொன்று மெலிசு. திருப்பிப் போட்டு அழுத்தினால் சாக்கெட் விரிந்துவிடும், பார்த்துச் செருகுங்கள். குறைவு மறு கோப்பைக்கு (காதை மூடும் பகுதி) தாவினால் கேபிளோ ஆம்ப்போ (ஆம்ப்ளிஃபயர்) தான் காரணம். வேறொரு ஹெட்போனை அதே ஆம்ப்பில் போட்டால் எது என்று தெரிந்துவிடும். தாவாமல் அதே கோப்பையிலேயே நின்றால் கேபிளைக் கழற்றிவிட்டு, சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்து ஓம் அளவு பாருங்கள். இரு பக்கமும் 300 ஓமை ஒட்டி, ஒன்றுக்கொன்று ஏறக்குறைய சமமாக வர வேண்டும். மீட்டர் முனை படும்போது டிரைவரில் 'டக்' என்று மெல்லிய சத்தமும் கேட்கும். எண் குதித்துக்கொண்டே இருந்தால் சாக்கெட்டில் தொடர்பு சரியில்லை. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுப் பின்களைத் துடைத்து, பத்துத் தடவை செருகி எடுங்கள். பாதிக் கேஸ் அதிலேயே முடிந்துவிடும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் மட்டும் டிரைவரைப் பற்றிப் பேசலாம்.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்: பாஸ் அடிக்கும்போது மட்டும் ஒரு பக்கம் 'கர்ர்'னு வருது.

முடி. தலைமுடியோ தாடி முடியோ ஒன்று வலைக்குள் நுழைந்து டிரைவரின் மெல்லிய படலத்தில் உரசுகிறது. உறுதி செய்ய, டோன் ஜெனரேட்டர் ஆப்பில் 20 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை மெதுவாக ஏற்றுங்கள், சத்தம் குறைவாக இருக்கட்டும். ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் கரகரத்தால் முடிதான். காதைச் சுற்றி அமரும் மெத்தையான பேடைக் கழற்றி, அடியில் உள்ள வட்ட ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு, டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். டிரைவர் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்துப் பிடித்து, காமிரா லென்ஸுக்கு வைத்திருக்கும் ரப்பர் ப்ளோயரால் ஓர் அடி தள்ளி மெல்ல ஊதுங்கள். வராவிட்டால் பிளாஸ்டிக் ட்வீசர். இரும்பு ட்வீசர் கூடாது. டிரைவரின் காந்தம் அதைப் 'படார்' என்று இழுத்து, படலத்தில் ஓட்டை போட்டுவிடும். வாக்குவம் கிளீனரும் அழுத்தக் காற்று டப்பாவும் கிட்டவே வரக்கூடாது.

பழைய வட்ட ஸ்பாஞ்ச் விரல் பட்டதும் பொடிந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். அந்தப் பொடியே அடுத்த 'கர்ர்'.

சிவாஜி நகர்: ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ் பேட் கருப்புக் கருப்பா உரிஞ்சு காதுல ஒட்டுது. தேங்காய் எண்ணெய் தடவலாமான்னு அம்மா கேக்குறாங்க.

அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது தோல் இல்லை, துணி மேல் பூசிய பாலியூரிதேன். ஈரமும் வியர்வையும் சேர்ந்து அந்தப் பிளாஸ்டிக்கின் பிணைப்பையே உடைக்கின்றன. உரிய ஆரம்பித்ததை எந்த எண்ணெயும் திருப்பிக் கொண்டுவராது. சொல்லப்போனால் தலைக்கு வைக்கும் எண்ணெய்தான் பேடுக்கும் மேல்பட்டைக்கும் முதல் எதிரி. எண்ணெய் வைத்த அன்று ஸ்பீக்கரில் கேளுங்கள். பவுடரும் திருநீறும் வலையின் கண்களில் போய் அடையும். நெற்றியைத் துடைத்துவிட்டு ஹெட்போன் போடுவது நல்லது.

புது பேடுக்குப் பசை தேவையில்லை. பழையதை ஓரத்தில் பிடித்து இழுத்தால் வந்துவிடும். புதியதன் உதட்டை விளிம்பின் ஒரு பக்கத்தில் மாட்டி, பழைய ஏ.டி.எம். கார்டால் உள்ளே தள்ளிக்கொண்டே பேடைச் சுற்றுங்கள். தினமும் கேட்டு முடித்ததும் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒரு துடைப்பு. ஆல்கஹால் போடாதீர்கள், பாலியூரிதேன் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும்.

மாரத்தஹள்ளி: பேயர்டைனமிக் டிடி 990 வெல்வெட் பேடைத் துவைச்சேன், காஞ்சதும் முறுமுறுன்னு ஆயிடுச்சு சார்.

சோப்பு மிச்சம் இருக்கிறது, இல்லாவிட்டால் உங்கள் அபார்ட்மெண்ட் போர்வெல் தண்ணீர். கடினத் தண்ணீரின் உப்பு வெல்வெட் நுனியில் படிந்துவிடும். மறுபடி வெதுவெதுப்பான தண்ணீரில், ஒரு லிட்டருக்கு நாலைந்து சொட்டு பேபி ஷாம்பு விட்டு, பத்து நிமிடம் ஊறவைத்து உள்ளங்கையால் அமுக்கி எடுங்கள், முறுக்கிப் பிழியக்கூடாது. கடைசி இரண்டு அலசல் ஆர்.ஓ. தண்ணீரில். துண்டில் வைத்து அமுக்கி, ஃபேன் காற்றில் 24 மணி நேரம், மழைக்காலமானால் 48. ஸ்பாஞ்சுக்குள் ஈரம் இருக்கும்போது மாட்டினால் டிரைவருக்கு ஆபத்து, நாற்றம் வேறு. காய்ந்ததும் மென்மையான டூத்பிரஷால் ஒரே திசையில் சீவிவிடுங்கள்.

எலெக்ட்ரானிக் சிட்டி: ஜாக் பக்கத்துல வயரை அசைச்சா ஒரு பக்கம் வருது, போகுது. புது ஜாக் நானே போடலாமா?

போடலாம். முதல் சால்டரிங் வேலைக்கே ஏற்றது. வாங்க வேண்டியவை: 3.5 மி.மீ. ஸ்டீரியோ ஜாக் (ரீன் அல்லது நியூட்ரிக், பெயரில்லாத ஜாக்கின் முனை சீக்கிரம் ஆட்டம் காணும்), 0.8 மி.மீ. 60/40 ஈயக் கம்பி, ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசை), 2 மற்றும் 5 மி.மீ. ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு பட்டால் சுருங்கிப் பிடிக்கும்). எல்லாம் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டிலேயே கிடைக்கும், சனிக்கிழமை போங்கள், ஞாயிறு பெரும்பாலும் அடைப்பு.

ஜாக்கிலிருந்து 4 செ.மீ. தள்ளி வெட்டுங்கள். வயர் உடைவது ரப்பர் கழுத்து முடியும் இடத்தில்தான், அந்தத் துண்டு முழுக்கப் போக வேண்டும். வெட்டியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, புது ஜாக்கின் மூடியையும் பெரிய ஷ்ரிங்க் குழாயையும் வயரில் கோத்துவிடுவது. இதை மறந்து, எல்லாம் ஒட்டி முடித்தபின் தலையில் கை வைக்காதவர் யாருமில்லை.

உள்ளே செம்பு, சிவப்பு, பச்சை அல்லது நீல நிறத்தில் முடி போன்ற இழைகள் இருக்கும். அந்த நிறமே எனாமல் பூச்சு. அது போகாமல் ஈயம் ஒட்டாது. பிளேடால் சுரண்டினால் இழை அறும். அயர்னை 380 டிகிரி வரை ஏற்றி, முனையில் பெரிய ஈயச் சொட்டு ஒன்றை உருக்கி, ஃப்ளக்ஸ் தொட்ட இழையை அதற்குள் மூன்று நான்கு விநாடி வையுங்கள். பூச்சு கருகி, வெள்ளிபோல் பளபளப்பு ஏறும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆஸ்பிரின் மாத்திரையில் வைத்து உருக்கும் பழைய வித்தையும் வேலை செய்யும். ஆனால் அந்தப் புகை தொண்டையைக் கிழிக்கும், வேண்டாம்.

பொதுவாகச் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு எர்த் (இரு பக்கத்துக்கும் பொதுவான திரும்பு வயர்). நிறத்தை நம்பி ஒட்டாமல் மல்டிமீட்டரை வைத்து, 'டக்' எந்தப் பக்கம் கேட்கிறது என்று பாருங்கள். செம்பு நிறத்தில் இரண்டு இழைக்கட்டு இருந்தால் இரண்டும் எர்த், சேர்த்து முறுக்கலாம். ஜாக்கின் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி எர்த். ஒட்டும்போது ஜாக்கை அது பொருந்தும் ஒரு பழைய சாக்கெட்டில் செருகி வையுங்கள்; சூட்டில் உள்பிளாஸ்டிக் இளகினாலும் பின் கோணாது. இப்போது 350 டிகிரி போதும், ஒவ்வோர் இணைப்புக்கும் இரண்டு விநாடி. ஒவ்வொன்றுக்கும் மெல்லிய ஷ்ரிங்க். கடைசியாக ஜாக்கின் பிடி வயரின் மேலுறையைக் கவ்வ வேண்டும், இழைகளை அல்ல. இழுவிசை ஈயத்தில் விழுந்தால் ஒரு மாதத்தில் மறுபடி இதே கேள்வி கேட்பீர்கள்.

கே.ஆர். புரம்: டிடி 990-ல 'ஸ்' சத்தம் காதைக் குத்துது. மாத்த ஏதாவது ஒட்டலாமா?

இந்த மாடலில் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு, அதாவது சத்தம் தூக்கலாக, இருப்பது தெரிந்த விஷயம். ஒட்டுவதற்கு முன் ஈக்வலைசர். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ இலவசம். பீக்கிங் ஃபில்டர் (ஓர் இடத்தை மட்டும் ஏற்றி இறக்குவது), 8000 ஹெர்ட்ஸ், கழித்தல் 5 டெசிபல், கியூ (அந்த இடத்தின் அகலம்) 2 என்று ஆரம்பியுங்கள். மேடு எங்கே என்பது காதுக்குக் காது நகரும். 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை டோனை நகர்த்தி, எங்கே குத்துகிறதோ அங்கே ஃபில்டரைக் கொண்டுபோய் வையுங்கள்.

போனிலும் கேட்பீர்கள், ஈக்வலைசர் ஒத்துவராது என்றால், பேடுக்கு அடியில் டிரைவர் முன்னால் ஒரே ஒரு அடுக்கு டிஷ்யூ பேப்பரை வட்டமாக வெட்டி வைக்கலாம். இரண்டு அடுக்குத் தாளென்றால் பிரித்து ஒன்றை மட்டும். பிடிக்காவிட்டால் எடுத்துப் போட்டுவிடலாம் என்பதுதான் இதன் பெருமை.

விவேக் நகர்: சோனி எக்ஸ்எம்4-க்கு ஆன்லைன்ல மலிவா பேட் வாங்கிப் போட்டேன். பாட்டு தானா நின்னுடுது, வெளி இரைச்சலும் அடங்கல.

இடது கோப்பைக்குள் காது இருக்கிறதா என்று பார்க்கும் சென்சார் உண்டு. புது பேடின் உள்துணி அதை மறைக்கிறதா பாருங்கள். மறைத்தால் அந்த இடத்தில் மட்டும் துளையிடுங்கள், அல்லது ஆப்பில் அந்த வசதியை அணையுங்கள். இரைச்சல் அடங்காததற்குக் காரணம் காற்றுக் கசிவு. வெளி இரைச்சலை அடக்க உள்ளே இருக்கும் மைக், அசல் பேடின் தடிமனுக்கும் அடைப்புக்கும் தகுந்தபடி கணக்கிடப்பட்டது. கொக்கி எல்லாம் 'டிக்' என்று விழுந்திருக்கிறதா என்று சுற்றிலும் அழுத்துங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் அசல் பேடுதான் வழி.

ஸ்ரீராமபுரம்: மேல்பட்டை பிளாஸ்டிக் விரிசல் விட்டிருக்கு. ஃபெவிக்விக் போதுமா?

வளையும் இடத்தில் அது நிற்காது, கண்ணாடி மாதிரி உடையும். போதாக்குறைக்கு அதன் ஆவி அக்கம்பக்கத்துப் பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படியும், டிரைவர் பக்கம் போனால் படலமே கெடும். அரால்டைட், அதுவும் மெதுவாக இறுகும் வகை. 220 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஆல்கஹாலில் துடைத்து, அதன் இரண்டு டியூபையும் சம அளவு கலந்து விரிசலுக்குள் ஏற்றுங்கள். உள்பக்கம் மெல்லிய எஃகுக் கம்பித் துண்டு ஒன்றைக் குறுக்கே பதித்தால் பலம் கூடும். டேப் சுற்றி 24 மணி நேரம் தொடாதீர்கள்.

ஜெயநகர்: ஃபாஸ்டெக்ஸ் டி50ஆர்பி வாங்கியதே மாடிஃபை பண்ணத்தான். எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

நல்ல தேர்வு. மூன்று இடத்தில் வேலை: பேட், டிரைவர் பொருந்தியிருக்கும் முன்தட்டு, பின்கோப்பை. பேடில் தொடங்குங்கள், தடிமனான பேட் காதைத் தள்ளிவைத்து, அடைப்பை இறுக்கி, பாஸைக் கூட்டும், செலவுக்கேற்ற பலன் இதில்தான் அதிகம். பிறகு முன்தட்டின் வெற்றுக் குழிகளில் பள்ளிப் பிள்ளைகளின் மாடலிங் களிமண்ணை அடைத்தால் பிளாஸ்டிக்கின் அதிர்வு அடங்கும். 0.1 கிராம் காட்டும் பாக்கெட் தராசில் நிறுத்து, இரு பக்கமும் ஒரே எடை. களிமண் டிரைவர் துளைக்குள் போகக்கூடாது. பின்கோப்பையில் ஒரு சின்னப் பஞ்சுருண்டை, எதிரொலி குறையும். அதிகம் திணித்தால் பாட்டு உயிரற்றுப்போகும்.

கோப்பையின் காற்றுத்துளைகளைக் கடைசியாகத் தொடுங்கள். மைக்ரோபோர் டேப்பால் (மருந்துக்கடைக் காகித டேப்) பாதியளவு மூடிப் பாருங்கள், பாஸ் கணிசமாக மாறும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், போட்டோ எடுத்துவைத்து. நாலு மாற்றத்தை ஒரே ராத்திரியில் செய்தால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இது பிளேனார் வகை, அதாவது தட்டையான படலத்தைக் காந்த வரிசை அசைக்கும் வகை என்பதால் காந்தங்கள் அதிகம். கோப்பையைத் திறக்கும் மேசையில் இரும்புத்தூள், ஸ்டேப்ளர் பின் எதுவும் இருக்கக்கூடாது. ஒட்டிக்கொண்ட தூளை ப்ளூ டாக்கால் (சுவரில் போஸ்டர் ஒட்டும் களி) தொட்டுத் தொட்டு எடுங்கள்.

இந்திரா நகர்: எச்டி 600, டிடி 990 இரண்டுக்கும் 4.4 மி.மீ. பேலன்ஸ்டு ஜாக் போடலாமா?

பேலன்ஸ்டு என்றால் இடது, வலது ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பிளஸ், மைனஸ். எச்டி 600-க்குச் சுலபம்; ஒவ்வொரு பக்கமும் இரண்டு பின், கேபிளை மாற்றினால் போதும். ஜாக்கின் நுனியிலிருந்து வரிசை: இடது பிளஸ், இடது மைனஸ், வலது பிளஸ், வலது மைனஸ், அடியில் எர்த். டிடி 990-ல் இரு டிரைவர்களின் மைனஸும், அதாவது எர்த்தும், இடது கோப்பைக்குள் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. அதைப் பிரித்து 4 பின் சாக்கெட் பொருத்தாமல் ஜாக்கை மட்டும் மாற்றினால் ஆம்ப்பின் இரண்டு மைனஸும் மோதி ஆம்ப் புகையலாம். பேலன்ஸ்டு அவுட்டிலிருந்து சாதா 3.5-க்கு மாற்றும் அடாப்டரிலும் இதே ஆபத்து.

பனசங்கரி: ப்ளூடூத் ஹெட்போன் கோப்பை உப்பி, மூடி விலகி நிக்குது. பிரிச்சு பேட்டரி மாத்தட்டுமா?

வேண்டாம். உப்பிய லித்தியம் பேட்டரியை நெம்பினால் தீப்பிடிக்கும். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடாதீர்கள், எரியாத தட்டில் தனியே வைத்து மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். குப்பை வண்டியில் போடாதீர்கள்.